மைக்கில் சுற்றிய கைலித்துணி

மைக்குக்குத் தொப்பி போட்டதுபோல ஒரு பஞ்சு உறை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் அது கழன்று, மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஐஸ் பெட்டிகள் பக்கம் உருண்டு போய்விட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. மேடையில் அக்கா மகன் கிடாரோடு நிற்கிறான். ‘ஹலோ’ சொல்லக்கூட வழியில்லை. அவன் வாய் வைப்பதற்கு முன்னாலேயே காற்று போய் மைக்கில் உட்கார்ந்துகொண்டு டப் டப்பென்று ஸ்பீக்கரைக் குத்துகிறது. வேனில் கண்ணாடி துடைக்கிற பழைய கைலி ஒன்று கிடந்தது. அதில் ஒரு முழம் கிழித்து, மைக்குக்கு இரண்டு சுற்று சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டேன். மிக்ஸரில் அந்தச் சேனலுக்கு லோ கட் பொத்தானை அமுக்கினேன். குரலில் அடிக்கனம் கொஞ்சம் செத்துப்போகும். போகட்டும்.

“மாமா, பாக்கக் கேவலமா இருக்கு.”

“பாக்கவா வந்திருக்காக? கேக்கத்தானடா வந்திருக்காக. பாடு மாப்ள.”

இது நடந்தது 2025 மே கடைசியில். எங்கள் ராமநாதபுரக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். படகெல்லாம் கரையேறிக் கிடக்கும். பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது என்று பகலில் வேலை இருக்கும், ராத்திரியில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்த மாதம்தான் தலைதூக்கும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் கடற்கரை மேடைக்கு ஒத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருஷமாக மைக்செட் போடுகிறவன் செய்யக்கூடிய காரியம் இல்லை. காற்று மணிக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். மைக்கைக் கெடுக்க அதில் கால்வாசி போதும்.

என் தொழில் மைக்செட் வாடகை. சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு போட்டிருக்கிறேன், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு முன்னால் அப்பா வைத்திருந்தார். அவர் காலத்தில் இரண்டு அகுஜா ஆம்ப்ளிஃபையர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், அவ்வளவுதான் சொத்து. குழாயைத் தென்னை மரத்தில் கட்டுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். மூன்று சாதி சனம், மூன்று மதம், எல்லா வீட்டு விசேஷத்துக்கும் அதே குழாய்தான். கோயில் முளைப்பாரிக்கு அம்மன் பாட்டு, கோயில் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சர்ச் திருவிழாவுக்கு மாதா பாட்டு, பாய் வீட்டுக் கல்யாணம் என்றால் நாகூர் ஹனிபா. ஹனிபா பெயரில் நாகூர் ஒட்டிக்கொண்டாலும் அவர் பிறந்தது எங்கள் ராமநாதபுரத்தில். 2015 ஏப்ரலில் அவர் இறந்த அன்று அப்பா கடைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலைக் குழாயில் போடும்போது வால்யூமைக் கால் திருகு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் கிழியும் என்பார். மற்றவர்களுக்கெல்லாம் கூட்டித்தான் வைக்க வேண்டுமாம்.

பாட்டு வேறு எதுவும் கையில் இல்லாத நேரத்தில் அப்பா குழாயை ரேடியோவில் இணைத்துவிடுவார். எங்களுக்கு ரேடியோ என்றால் இலங்கை வானொலி. திருச்சி, மதுரையெல்லாம் இரைச்சலோடு வரும். கொழும்பு மட்டும் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல வரும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது சொச்சம் கிலோமீட்டர். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் போட் மெயிலில் போய், தனுஷ்கோடியில் கப்பல் மாறி, அந்தப் பக்கம் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மன்னார்த் தீவின் பேசாலையில் சம்பந்தம் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களை அப்பா சொந்தக்காரர்கள்போலத்தான் பேசுவார்.

அந்த ரேடியோவில் கிடார் பாட்டு வரும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரைக்கே அதுதான் ஆணி. சிலோன் பொப். அவர்கள் ‘பொப்’ என்றுதான் எழுதுவார்கள், பாப் என்று திருத்தினால் ருசி போய்விடும். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம், பிறகு இங்கே வந்து சினிமாவிலும் நடித்த ஏ.ஈ. மனோகரன். ஒரு கிடார், தோல் வாத்தியம் ஒன்றிரண்டு, கேலியும் கிண்டலுமாக ஊர்ப் பேச்சில் நாலு வரி. சினிமா இல்லாமல், ராஜா ராணி கதை இல்லாமல், மாமியையும் கள்ளுக்கடையையும் பற்றித் தமிழில் கிடாரோடு பாடலாம் என்பதை எங்கள் கரை அப்போதே கேட்டுவிட்டது. அந்தத் தாளம் இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவின் தாளம். கை தானாகத் தொடையில் தட்டும்.

இப்போது மருமகன் கதைக்கு வருகிறேன்.

அவன் பெயரைப் போடவில்லை. போட்டால் திட்டுவான், “பாட்டக் கேக்கச் சொல்லுங்க மாமா, பேரு எதுக்கு” என்பான். அவனுக்குக் கிடார் வந்தது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் வரும் வழியில்தான், சர்ச் பாடகர் குழு வழியாக. ஞாயிறு பூசைக்கு ஒரு கீபோர்டு, ஒரு பேட், ஒரு கிடார். கீபோர்டுக்காரர் சி மேஜரில் தொடங்கினால் கிடார்காரன் மூன்று கார்டில் பூசையை முடித்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பில் அவன் கையில் வந்த கிடார் மூன்றாம் கை சாமான், மேலே ஒரு கம்பி இல்லை. ராமநாதபுரத்துக்குப் போய்க் கம்பி வாங்க யாருக்கு நேரம்? வலைக்கடையில் தங்கூஸ் நரம்பு வாங்கிக் கட்டிவிட்டான். நாலைந்து தடிமனை வாங்கி வந்து, ஒவ்வொன்றாய்க் கட்டி, முறுக்கி, அறுத்து, ஒருவழியாக ஒன்று சுருதிக்கு நின்றது. நான் சிரித்தேன். அப்புறம்தான் படித்தேன்: 1940களுக்கு முன் கிளாசிக்கல் கிடாருக்கெல்லாம் ஆட்டுக்குடல் நரம்புதான், பிறகுதான் நைலான் வந்தது. நம் ஆள் செய்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. மீன் பிடிக்கிறதும் நரம்பு, பாட்டு பிடிக்கிறதும் நரம்பு என்று தமிழே சொல்லி வைத்திருக்கிறது.

உப்புக் காற்றில் ஸ்டீல் கம்பி வைத்துக்கொள்வது தனிப் பாடு. புதுக் கம்பி மூன்று வாரத்தில் கறுத்துவிடும், விரலில் துரு ஒட்டும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் துணியால் உருவித் துடைப்பான். தலையில் இருக்கிற முறுக்காணிகளுக்குப் படகு இன்ஜின் கிரீஸ் வைப்பான். அதனால் அவன் கிடார் உறையைத் திறந்தால் துறைமுக வாசனை வரும்.

கல்லூரிக்கு சென்னை போனான். ரூட்ஸ் ராக் என்ற சொல்லை அங்கிருந்துதான் கொண்டுவந்தான். தமிழில் வேர் ராக் என்றால் சித்த மருந்துக் கடை மாதிரி ஒலிக்கிறது, அப்படியே விட்டுவிடுகிறேன். அமெரிக்காவில் 1960களின் கடைசியில் ராக் இசை ஸ்டுடியோ ஜாலங்களில் ஒரேயடியாகப் பறந்துகொண்டிருந்தபோது, சிலர் திரும்பி நாட்டுப்புறப் பாட்டு, ப்ளூஸ், கன்ட்ரி பக்கம் வந்து எளிய கிடாரும் ஊர்க்கதையுமாகப் பாடினார்களாம். கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற குழுவை எனக்குப் போட்டுக் காட்டினான். சேறும் சதுப்பும் ஆறுமாக ஒரு தெற்கத்தி நாட்டைப் பற்றிய பாட்டுகள். குரல் கரடுமுரடாக, நம் மீன் ஏலம் விடுகிறவர் குரல் மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது.

“இவுக அந்தச் சதுப்புப் பக்கத்து ஆளுகளா?”

“இல்ல மாமா. கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல எல் செரிட்டோன்னு ஒரு ஊரு. சதுப்பெல்லாம் ரொம்ப தூரம்.”

“அப்ப பொய்யா பாடுறானா?”

அவன் சிரித்துவிட்டு இன்னொன்று சொன்னான். தி பேண்ட் என்று ஒரு குழு, அமெரிக்கத் தெற்கின் பழங்கதைகளைப் பாடிப் பேர் வாங்கியது. அதில் ஐந்து பேரில் நாலு பேர் கனடாக்காரர்கள், டிரம்ஸ் வாசித்தவர் ஒருவர்தான் ஆர்கன்சாஸ். அப்போது அது எனக்கு வேடிக்கையாக மட்டும்தான் பட்டது. இவனும் அந்தக் கேஸ்தான் என்பது பின்னால்தான் உறைத்தது. இவன் அப்பா, அதாவது என் மச்சான், ஐஸ் கம்பெனியில் கணக்கு. பையன் படித்தது ஹாஸ்டலில். கடலோரத்துப் பிள்ளைதான், ஆனால் ஒரு நாள்கூடக் கடலில் தொழிலுக்குப் போனது கிடையாது. பாட்டு எழுத உட்கார்ந்தால் எழுதுவது முழுக்கக் கடல்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் மேடை ஏறியபோது இவன் கூட்டத்தில் நின்றிருக்கிறான். வடசென்னைக் கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். விடுமுறைக்கு வந்தவன் ஒரு வாரம் அதையே பேசினான். “அவங்களுக்குக் கானா இருக்கு மாமா. நமக்கு என்ன இருக்கு?” கேள்வி நியாயமானது. அதற்கு அவன் முதலில் கண்டுபிடித்த பதில்தான் மோசம். மதுரையில் ஒருவரிடமிருந்து உறுமி, பறை சத்தமெல்லாம் கணினியில் வாங்கி வந்து, இங்கிலீஷ் மெட்டுக்குக் கீழே ஒட்டினான். கல்யாண வீட்டில் கோட்டு போட்டவன் நெற்றியில் வெட்டிவேர் கட்டினாற்போல இருந்தது. சொன்னேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். நாட்டுப்புறம் என்றாலே உறுமி, குலவை, ‘ஏலேலோ’ என்று மூன்று டப்பா வைத்திருக்கிறார்கள், சினிமாக்காரர்கள் பழக்கிவிட்டது. எங்கள் கரையில் உறுமி எப்போது கேட்டது என்று யோசித்துப் பார்க்கிறேன், வெளியூர்க் குழு வந்தால்தான் உண்டு.

திருப்பம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. ஒரு மத்தியானம் கடையில் அப்பாவின் பழைய கேசட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, சிலோன் பொப். இவன் சோறு தின்றுகொண்டே இடது கையால் மேசையில் தட்டினான். தட்டியவன் சட்டென்று நிறுத்தி, “மாமா, இது ஷஃபிள்” என்றான். பிறகு கை கழுவக்கூட இல்லை, கிடாரை எடுத்துவிட்டான்.

கொஞ்சம் விளக்குகிறேன், எனக்குத் தெரிந்த அளவில். ப்ளூஸிலும் பழைய ராக்கிலும் ஷஃபிள் என்று ஒரு நடை. ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் தட்டுவது. த-கிட என்பதில் ‘கி’யை விழுங்கிவிட்டால் எப்படியோ அப்படி. நொண்டி நடை போல ஆடிக்கொண்டே போகும். பைலாவும் மூன்று மூன்றாகத்தான் உருளும். முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் அடிக்கும் கும்மியும் பெரும்பாலும் மூன்று. இவன் அன்றைக்கு ஒரே மெட்டை மூன்று விதமாக வாசித்தான். கையை அழுத்தினால் ப்ளூஸ், விட்டால் பைலா, வேகம் கூட்டினால் கும்மி. கீழ்க் கம்பியை ஒரு சுரம் இறக்கி ‘டி’யில் வைத்துச் சும்மா அதிர விட்டான். அது சுருதிப் பெட்டி வேலையைச் செய்தது. உறுமி ஃபைலை அன்றே அழித்துவிட்டான்.

அம்பாப் பாட்டு பற்றியும் பேசிக்கொண்டோம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்லும் இடத்தில் கயிறு ஒரு சாண் கரைக்கு வரும். பாட்டு அங்கே அழகுக்கு இல்லை, எல்லார் இடுப்பும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்வதற்கு. அமெரிக்கப் பருத்திக் காட்டு அடிமைகளின் வேலைப் பாட்டிலிருந்து ப்ளூஸ் வந்தது, ப்ளூஸிலிருந்து ராக் வந்தது என்கிறார்கள். அங்கேயும் ஒருவன் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்வதுதான். இப்போது எங்கள் பக்கம் அம்பா தெரிந்தவர்கள் குறைவு. வலை இழுக்கும்போது போனில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, நானே ஸ்பீக்கர் விற்கிறவன்.

சரி, எழுதியாயிற்று, பாட எங்கே போவது?

எங்கள் ஊரில் மேடைக்குப் பஞ்சம் கிடையாது. திருவிழா, கந்தூரி, கட்சிக் கூட்டம், காதுகுத்து. ஆனால் மேடையெல்லாம் கமிட்டியுடையது, கமிட்டிக்கு வேண்டியது சினிமாப் பாட்டு. இவன் சோற்றுக்காக ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தான். ராத்திரிக்கு இருபத்தைந்து, முப்பது பாட்டு. பத்து மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும், சட்டம். அதற்குள் முடிக்க வேண்டுமென்று பாட்டின் நடு இசையை வெட்டிவிடுவார்கள். கிடாருக்கு வேலை இருப்பதே அந்த நடு இசையில்தான். ஒரு திருவிழாவில் குழுக்காரரைக் கெஞ்சி நடுவில் ஒரு சொந்தப் பாட்டை நுழைத்தான். பாதியில் கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘விரும்பிக் கேட்பவர்’ என்று பெயர் எழுதி வருமே, அந்தச் சீட்டு. வாங்கிப் பார்த்தால், “தம்பி, சொந்தப் பாட்டு வேண்டாம். எஸ்.பி.பி. பாடவும்.” அதை இன்னும் கிடார் உறைக்குள் வைத்திருக்கிறான்.

இந்தப் பக்கக் காற்றை நம்பிக் கைட் சர்ஃபிங் பண்ண வருகிற வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. அவர்கள் தங்கும் இடத்தில் இரண்டு ராத்திரி வாசித்தான். நன்றாகக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், காசும் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது வேனில் பேசாமல் வந்தான். என்னடா என்றால், “வார்த்தய மாத்திப் பாடுனேன் மாமா, வேணும்னே. கத்திரிக்கா வெண்டைக்கான்னு பாடுனேன். அதுக்கும் கை தட்டுனாக.”

சென்னையில் நிலைமை வேறு. அங்கே சொந்தப் பாட்டுக்கென்றே சின்னச் சின்ன அரங்குகள் இருக்கின்றன. ஒரு தடவை நானும் போனேன். அறுபது பேர் இருப்பார்கள், ஏசி, ஆள் மூச்சு விடுவதுகூட மைக்கில் கேட்கும். சவுண்டுக்காரத் தம்பி மிக்ஸர் பக்கமே போகாமல் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே சரி செய்கிறான். எனக்குப் பொறாமை. அங்கே இவன் பாடிய ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீன்துறையில் டோக்கன் வாங்கிப் போகிற படகு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து மறுநாள் விடியலில் திரும்பும். இவன் பாட்டு அதுதான், வேறொன்றும் இல்லை:

திங்கக்கெழம போன போட்டு
செவ்வாக்கெழம வந்திரும்
புதங்கெழம போன போட்டு
வியாழக்கெழம வந்திரும்
சனிக்கெழம போன போட்டு

அங்கே நிறுத்திவிடுவான். கம்பியைக் கையால் மூடி, ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றும் வாசிக்க மாட்டான். எல்லைப் பிரச்சினை, பிடிபட்டவர்கள், கரை திரும்பாதவர்கள் எல்லாம் அந்த நாலு நொடிக்குள் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னை அரங்கில் அந்த இடத்தில் சத்தமே இல்லை. அப்புறம் கைதட்டல். ஒரு பெண் பிள்ளை கண்ணைத் துடைத்தது. எனக்கும் தொண்டை அடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். என் அக்கா மகன் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டைத்தான் ஊரில் பாட வேண்டும் என்று அவனுக்கு வெறி. கமிட்டி இல்லாமல், சீட்டு இல்லாமல், முழுக்கச் சொந்தப் பாட்டு. வாடகை எனக்கு வேண்டாம் என்றேன். டீசலுக்கு மட்டும் அவன் கொடுத்தான். ஏலக்கூடம் தடைக்காலத்தில் காலிதான்.

ஏழு மணிக்குச் சொன்னோம், எட்டுக்குக் கூட்டம் சேர்ந்தது. இருநூறு பேர் இருக்கலாம். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பாட்டு கேட்கிறபடி கேட்டுக்கொண்டே வலை கோக்கிறவர்கள் ஓரமாக ட்யூப்லைட் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். கேபிளுக்கு மேலேயே நாய் படுத்துக்கொண்டது. முதல் இரண்டு பாட்டு ஒருமாதிரி போயிற்று. மேடை மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு தடவை கூவி, நான் ஓடிப்போய்த் திருப்பி வைத்தேன். அக்கா முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் பரீட்சை எழுதுகிற மாதிரி அவளுக்கு.

மூன்றாவது பாட்டு ஆனி மாதத்தில் தொடங்கும். “ஆனி மாசம் வாடை வந்து...” என்று எடுத்தான். நல்ல மெட்டு. இரண்டாம் வரிக்குள் வலை கோக்கிற பக்கத்திலிருந்து ஒரு குரல்:

“தம்பி! ஆனில ஏதுய்யா வாடை?”

கூட்டம் சிரித்தது. இவன் நிறுத்திவிட்டான். அந்தப் பெரியவர் ஊசியைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. “ஐப்பசிக்கு மேல வர்றது வாடை. ஆனில கச்சான். இந்தா இப்ப ஒன் மூஞ்சில அடிக்குதே, இது என்ன?” என்றார். இன்னொருவர், “அவுக அப்பன் ஐஸ் கம்பெனி, அவனுக்கென்ன தெரியும்” என்று எடுத்துக் கொடுத்தார். என் மச்சானும் அங்கேதான் இருந்தார், அவரும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது பேர் முன்னால் பாடினாலும் இப்படிக் குறுக்கே பேசினால் எவனுக்கும் கை நடுங்கும். ஆனால் இவன் மேடையில் ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து விரலை மடக்கிப் பார்த்தான். வாடை, கச்சான், இரண்டும் ஒரே அளவுதான். அசை பிசகாது. “ஆனி மாசம் கச்சான் வந்து” என்று மறுபடி முதலிலிருந்து எடுத்தான். பெரியவர், “ஆங்” என்றார். அவ்வளவுதான், அந்தப் பாட்டு முடியும்வரை ஒரு சத்தம் இல்லை. இரண்டு வருஷமாகச் சென்னையில் பாடிய பாட்டு அது. ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? சினிமாவில் வாடை என்றால் காதல் காற்று, எந்த மாதம் வேண்டுமானாலும் அடிக்கும். கிரீடென்ஸ்காரர்களை இப்படி யாராவது சதுப்பில் நிற்க வைத்துக் கேட்டிருப்பார்களா என்று மிக்ஸர் பக்கம் நின்றபடி யோசித்தேன்.

கடைசியாகத்தான் திங்கள் புதன் சனி. கும்மி நடை, கேட்டதும் முன்வரிசைப் பெண்கள் மடியில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் சுற்றிலேயே ‘வந்திரும்’ என்ற இடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். இவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அடுத்து வரப்போவது எனக்குத் தெரியுமே.

“சனிக்கெழம போன போட்டு...”

நிறுத்தினான். கம்பியை மூடினான்.

அமைதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. “ஞாயித்துக்கெழம வந்திரும்!” முன்வரிசை முழுக்க, பாட்டாகக்கூட இல்லை, பதறிப்போய்ச் சொன்னார்கள். கீழே விழப்போகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. கருவாடு காயப்போடுகிற ஒரு பாட்டி எழுந்தே நின்றுவிட்டது. “எய்யா, அந்தரத்துல விடாத. வாய் நெறயச் சொல்லு, வந்திரும்னு. வெளக்கு வச்ச நேரத்துல என்ன பாட்டு இது?”

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய, கையில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்தான் இருக்கிறது. பிறகு அவன் அந்த அடியைத் திரும்பப் பாடினான். நிறுத்தும் இடத்தில் நிறுத்தினான், ஆனால் கம்பியை மூடவில்லை, ‘டி’யை அதிர விட்டான். பெண்கள் சொன்னார்கள். இன்னொரு தடவை. நாலு தடவை. நாலாவது தடவை ஆண்கள் பக்கமும் வந்துவிட்டது, ஓரத்தில் வலை கோக்கிறவர்களும். கைலி சுற்றிய மைக்கில் காற்றும் இவர்கள் குரலும் கலந்து அடித்தது, மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தது, நான் குறைக்கவில்லை. எங்கள் அப்பாவாக இருந்தால் கால் திருகு குறைத்திருப்பார்.

முடிந்ததும் கைதட்டல் பெரிதாக இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் வந்து வருகிற மாதம் தன் பேரனுக்குக் காதுகுத்து, மைக்செட் எவ்வளவு என்று கேட்டார். “இந்தப் பையனும் வருவானா?” என்றார். “நாலு சினிமாப் பாட்டும் தெரியும்ல?”

ஆனி பிறந்தது. யார் சொல்லியும் கேட்காமல் இவன் தெரிந்தவர் ஒருவரின் நாட்டுப்படகில் ஒரு ராத்திரி போய்வந்தான். வாந்தி எடுத்தே பாதி ராத்திரி போயிற்றாம். பாட்டு ஒன்றும் கொண்டுவரவில்லை. போனில் இன்ஜின் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தான். விடிந்ததும் குளிக்காமல் நேரே என் கடைக்கு வந்து, அதைப் போட்டுவிட்டு, கிடாரை அதற்குச் சுருதி சேர்க்கப் பார்த்தான். “டி-க்கும் டி ஷார்ப்புக்கும் நடுவுல நிக்குது மாமா. எதுலயும் சேர மாட்டேங்குது.” டேங்கில் எண்ணெய் குறையக் குறையச் சுருதி மாறும் என்று படகுக்காரர் சொன்னாராம். அவர் இவனைக் கேலி பண்ணினாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

பாட்டை இப்போது முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். என் கடைப் பின்னறையில், சாக்கு தொங்கவிட்டு. பெண்கள் யாரும் கடைக்கு வர ஒத்துக்கொள்ளவில்லை, வேலை இருக்கிறதாம். அதனால் நான் மைக்கையும் லேப்டாப்பையும் கருவாடு காயப்போடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதே கைலித்துணிதான். பாட்டி உட்பட ஏழு பேர், ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட்டு, “போதுமா? மீனு கெடக்கு” என்று போய்விட்டார்கள். பின்னால் காக்காய்ச் சத்தம் நிறைய இருக்கிறது.

இப்போது லேப்டாப்பில் இரண்டு ஃபைல் இருக்கிறது. ஒன்றில் பெண்கள் சொல்கிறார்கள். இன்னொன்றில் சென்னையில் பாடியது மாதிரி, நாலு நொடி வெறுமை. எதை வெளியே விடுவது என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் அக்கா கடைக்கு வந்தாள். இரண்டையும் ஹெட்போனில் கேட்டாள்.

“அந்தரத்துல நிக்கிறது எது, மொதலா ரெண்டாவதா?”

“ரெண்டாவது.”

“அத அழிச்சிரு.”

“உன் மகன்ட்ட கேக்க வேண்டாமா?”

“அவன்ட்ட நான் சொல்லிக்கிறேன். அழி.”

அவள் பார்த்துக்கொண்டிருக்க அழித்தேன். அதற்கு முன்னால் பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தேன் என்பதை இரண்டு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை.